பேரைச் சொல்லிக் கும்புடுங்க

ஆர்.எஸ்.புரம், கோவை
12 ஜூன் 2023

இயேசுவின் நாமத்தில் என் அக்கா சாராளுக்கு,

ஸ்தோத்திரம். நானும் ரெபேக்காவும் ஜெனிஷாவும் தேவ கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

"போன்ல சொன்னா ஆகாதாப்பா, இன்னும் என்ன லெட்டர்?" என்று ஜெனிஷா சிரிக்கிறாள். ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து நல்லதையும் கெட்டதையும் அக்காவுக்கு எழுதித்தான் பழக்கம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரி திறந்துவிட்டோம் அக்கா. முப்பது வருஷம் அடுத்தவர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்தவன், இன்று சொந்தப் பலகையின் கீழே நிற்கிறேன். முதல் ஆபரேஷன் மாரியாத்தாள் என்ற அம்மாவுக்கு. உங்கள் அன்னூர்ப் பக்கம்தான். டேபிளில் படுத்த அந்த அம்மா என் கையை விடவே இல்லை. "ஜெபம் பண்ணட்டுங்களா அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க சாமியோ எங்க சாமியோ, எம்பேரைச் சொல்லிக் கும்புடுங்க. பேரைச் சொல்லாட்டி ஆருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. என் பொருத்தனை உங்களுக்கு நினைவிருக்கும். பேரைச் சொல்லி ஜெபிக்காமல் யார் கண்ணிலும் கத்தி வைக்க மாட்டேன் என்று அன்னூர் ஆலயத்தில் உங்கள் பக்கத்தில் முழங்காலில் நின்றுதான் சொன்னேன். நான் மறந்தால் காதைத் திருகுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
டேவிட்சன்



அன்னூர்
25 ஜூன் 2023

ஆண்டவருக்குள் பிரியமான என் தம்பி டேவிட்சனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டாய், பெரிய டாக்டர்.

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு செவ்வந்திக்கு ரெண்டு தடவை படித்துக் காட்டிவிட்டேன். "டாக்டரு நம்மளாட்டவே பேசறாருங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தால் என்ன, என் தம்பிதானே.

மாரியாத்தாள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் ஒரு பிள்ளையும் திரும்பாது. பேரைச் சொன்னால்தான் கடைசிப் பெஞ்சில் தூங்குகிறவனும் "உள்ளேன் டீச்சர்" என்பான். நம் அப்பா கோபியில் உபதேசியாராக இருந்தபோது வீடு வீடாகப் போய் ஆடு மாட்டுக்குக்கூடப் பேர் சொல்லித்தானே ஜெபித்தார். ஒருநாள் நம் செவலைப் பசுவின் பேரை விட்டுவிட்டார் என்று நீ அழுது ஊரைக் கூட்டினாய்.

காதைத் திருகச் சொல்லியிருக்கிறாய். சரி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி வைத்துக்கொள்கிறேன். ரெபேக்கா அம்மணிக்கும் ஜெனிஷாக் கண்ணுக்கும் என் முத்தங்கள்.

ஜெபத்துடன்,
அக்கா சாராள்



ஆர்.எஸ்.புரம், கோவை
4 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். மூச்சு விட நேரமில்லை. இரண்டாவது ஆபரேஷன் தியேட்டரும் திறந்துவிட்டோம். கோபி, சத்தி, பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். "டேவிட்சன் டாக்டர் கைராசி" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். உழைத்த உழைப்பு வீண்போகவில்லை அக்கா.

ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன், கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு ஆபரேஷன் குறைகிறது. அதனால் என் குரலிலேயே ஒரு ஜெபத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டேன். பின்னணியில் மெல்லிய கீபோர்டு. காலை எட்டு மணிக்கு எல்லா வார்டிலும், தியேட்டரிலும், வரவேற்பறையிலும் ஸ்பீக்கரில் ஒலிக்கும். முன்பு ஒருவருக்குக் கிடைத்தது இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது. கேட்கிறவர்கள் எல்லாம் குரலைப் பாராட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஆபரேஷன் வைத்திருக்கிறேன். ஆலயத்துக்குப் போக முடிவதில்லை. ஆனால் நோயாளியைத் தொடுவதே ஆராதனைதானே?

அன்புடன்,
டேவிட்சன்



அன்னூர்
15 டிசம்பர் 2023

ஆண்டவருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருக்கிறேன்.

வரி கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். சாயங்கால வெளிச்சம் போதவில்லை. மத்தியானமும் போதுவதில்லை.

ஸ்பீக்கர் சமாசாரம் படித்தேன். சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருக்கிறாய். படவில்லை, போ. ஏண்டா, உன் கல்யாணத்தன்று நீ வராமல் உன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தால் ரெபேக்கா கழுத்தை நீட்டியிருப்பாளா? கீபோர்டு வேறு. ஆண்டவர் என்ன, கச்சேரிக்கா வந்து உட்கார்ந்திருக்கிறார்?

ஆலயத்துக்குப் போகாததற்குக் காரணம் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய். நன்றாக இருப்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் கடிதத்தில் "தேவ கிருபையால்" என்று ஆரம்பித்தாய். இந்தக் கடிதத்தில் நானும் தேடித் தேடிப் பார்த்தேன். கைராசி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அவரைக் காணோம். விட்டுப்போனதா, வேண்டாமென்று விட்டாயா? திட்டுகிறேன் என்று நினைக்காதே. காதைத் திருகச் சொன்னது நீதான்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? வெல்லப் பணியாரம் சுடுகிறேன்.

ஜெபத்துடன்,
அக்கா



20 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. வேலைப் பளு காரணமாக கிறிஸ்துமஸுக்கு அன்னூர் வர இயலவில்லை. வரும் மார்ச் 16ஆம் தேதி மாலை நமது மருத்துவமனைக்குச் சிறந்த சேவைக்கான விருது வழங்கும் விழா நடைபெறுகிறது. தாங்கள் அவசியம் வரவேண்டும். முன்வரிசையில் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. கார் அனுப்பப்படும்.

தங்கள்,
டாக்டர் டேவிட்சன்

(டாக்டர் சொல்ல டைப் செய்யப்பட்டது)



அன்னூர்
3 ஏப்ரல் 2024

என் ரெபேக்கா அம்மணிக்கு,

உனக்கும் ஜெனிஷாவுக்கும் சமாதானம் உண்டாவதாக. இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அவன் கண்ணில் பட வேண்டாம்.

விருது விழாவுக்கு வந்தேனே, நீயும் பார்த்தாய். அவன் பேச்சை நானும் கேட்டேன். "என் கை", "என் கனவு", "என் முயற்சி". ஆண்டவர் பேர் எங்கே வருகிறது என்று காத்திருந்தேன். வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கடைசி நன்றியில், சாமியானா போட்டவருக்குப் பிறகு வந்தது. மேடைக்குப் பக்கத்தில் நான் படி தெரியாமல் தடுமாறினேன். யாரோ ஒரு பெண் கையைப் பிடித்தாள். அவன் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான்.

படி ஏன் தெரியவில்லை என்றால், எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது அம்மணி. போன வருஷக் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. எதிரில் ஆள் வந்தால் புகைக்குள் வருகிற மாதிரி தெரிகிறது.

போன வாரம் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். டாக்டருக்கு அக்கா என்று சொல்லவில்லை. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஸ்பீக்கரில் அவன் ஜெபம். குரல் தேன்தான், குறை சொல்லக்கூடாது. நான் பாட்டுக்கு என் பேர் வரும் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்திருந்தேன். எங்கே வரும்? அது ரெக்கார்டு. பக்கத்தில் ஹுமேரா என்று ஒரு பெண், அவளும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கம்மா, டாக்டர் உள்ளதான் இருந்து பேசறாருங்களா?" என்று கேட்டாள். பயப்படாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரையாம். வலது கண்ணில் முத்திவிட்டதாம். "இன்னும் தள்ளிப்போட்டா எடுக்கறது சிரமமுங்க பாட்டி, பார்வை திரும்புமுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

திரும்பும்போது வராந்தாவில் அவனே வந்தான். பின்னால் நாலைந்து பேர். முகம் தெரியவில்லை, நடை தெரிந்தது. என் சேலை அவன் கோட்டில் உரசுகிற தூரம். போய்விட்டான். செவ்வந்தி கூப்பிடப் போனாள், நான்தான் வாயைப் பொத்தினேன்.

நான் கண்ணைக் கொடுத்தால் அவன் கையில்தான் கொடுப்பேன். ஆனால் என் பேரைச் சொல்லி ஜெபித்துவிட்டு அவன் தொடட்டும். அவனாக என்னைத் திரும்பிப் பார்க்கட்டும். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

உன் அண்ணி,
சாராள்



ஆர்.எஸ்.புரம்
11 ஏப்ரல் 2024

ஆண்டவருக்குள் அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜெனிஷா சுகம். என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் ஒரு விழாவில் கேட்டதை நான் தினமும் கேட்கிறேன். ராத்திரி குடும்ப ஜெபம் நின்று எத்தனையோ மாதமாகிறது. ஒருநாள் கூப்பிட்டதற்கு, "காலையில ஆஸ்பத்திரி பூராவும் என் ஜெபம்தான் ஓடுது, வீட்டுலயும் வேணுமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை அண்ணி, யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் எங்கே பிடித்து என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவருக்கு இப்போது ஆண்டவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கோபித்தாலும் ஒன்று சொல்கிறேன். அவருக்குப் பெருமை என்றால் உங்களுக்கு வீம்பு. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் கண் போகிறது. வேறு ஆஸ்பத்திரியிலாவது காட்டுங்கள். ரொம்ப நாள் நான் சும்மா இருக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள்,
ரெபேக்கா



அன்னூர்
9 ஜூன் 2024

தம்பிக்கு,

அக்கா. ஸ்கேலை வைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும். சுகமா?

இங்கே மழை. முருங்கை நன்றாகக் காய்க்கிறது. செவ்வந்திதான் பறித்துத் தருகிறாள்.

எனக்கு ஒன்றும் வேண்டாம். நீயே உன் கையால் ரெண்டு வரி எழுது.

அக்கா



2 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. தாங்கள் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கள்,
டாக்டர் டேவிட்சன்

(டாக்டர் சொல்ல டைப் செய்யப்பட்டது)



ஆர்.எஸ்.புரம்
25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அக்கா,

என் கையால் எழுதுகிறேன். இதை செவ்வந்தி உங்களுக்குப் படித்துக் காட்டட்டும், அவளும் தெரிந்துகொள்ளட்டும், பரவாயில்லை.

ரெபேக்கா போன வாரம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண் டாக்டரின் அக்காவுக்குக் கண் தெரியவில்லை என்றால் வெளியே என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். முதல் நினைப்பே அதுதான் அக்கா, பாருங்கள். மறுநாளே கார் அனுப்பி உங்களைக் கூட்டிவந்தது பாசத்தில் பாதி, அந்த வெட்கத்தில் பாதி.

வியாழக்கிழமை டேபிளில் படுத்துக்கொண்டு, "கண்ணு, எம்பேரைச் சொல்லி ஜெபம் பண்ணீட்டு ஆரம்பி" என்றீர்கள். காலையிலேயே ஸ்பீக்கரில் ஆயிடுச்சுங்க அக்கா என்றேன். "கேட்டேன். அதுல நா இல்ல" என்றீர்கள்.

கண்ணை மூடினேன். "எங்கள் கரங்கள் தொடும் எல்லாக் கண்களுக்கும்" என்று வாய் தானாக ஆரம்பித்தது. அது அந்த ரெக்கார்டு அக்கா. எழுத்து மாறாமல் அதே வரி, அதே ஏற்ற இறக்கம். எனக்கு உள்ளே கீபோர்டுகூடக் கேட்டது. நிறுத்திவிட்டு வேறு வார்த்தை தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. அவரோடு பேசி எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. கையுறைக்குள் விரல் நடுங்க ஆரம்பித்தது. இத்தனை ஆயிரம் கண்ணில் நடுங்காத விரல்.

உங்களுக்கு பி.பி. ஏறியிருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பொய் அக்கா. உங்களுக்கு பி.பி. சரியாகத்தான் இருந்தது.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். டிசம்பரிலேயே வரி சரிந்திருக்கிறது. எந்த நோயாளி கொண்டுவந்து காட்டியிருந்தாலும் ஒரே நொடியில் சொல்லியிருப்பேன். நான் அதைப் படிக்கவே இல்லை, டைப் செய்யும் பெண் படித்துச் சொன்னாள். வராந்தாவில் உங்களைத் தாண்டிப் போனதாக ரெபேக்கா சொன்னாள்.

இன்று காலை ஆலயத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பேச வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வலது கண் ரொம்ப முத்திவிட்டது. அது கஷ்டமான ஆபரேஷன். என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், நல்ல கை, ஜெபிக்கிறவர். அவரிடம் செய்துகொள்ளுங்கள். எனக்குத் தகுதியில்லை.

டேவிட்



அன்னூர்
29 ஆகஸ்ட் 2024

என் டேவிட்டுக்கு,

நான் சொல்லச் சொல்ல செவ்வந்தி எழுதுகிறாள். அவள் எழுத்து கொக்கு நடந்த மாதிரி இருக்கும். இதையும் எழுதச் சொன்னேன், முறைக்கிறாள்.

எனக்கு பி.பி. இல்லை என்று எனக்குத் தெரியாதா? உன் கை நடுங்கி என் கன்னத்தில் பட்டதே.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. அவனாகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தது பக்தி இல்லை, வீம்புதான். ரெபேக்கா மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டாள். நல்ல பெண். அவளைப் போய் கோபித்துக்கொண்டாயாமே, வெட்கமாக இல்லையா?

சிநேகிதரும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். நீதான் செய்ய வேண்டும். ஜெபம் வராவிட்டால் போகட்டும், அப்பா மாதிரி நீட்டி முழக்க வேண்டியதில்லை. என் பேர் ஒன்றாவது உனக்கு மறக்காமல் இருக்குமல்லவா? அதைச் சொல்லு, போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே வாரேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போ.

அக்கா



அன்னூர்
22 செப்டம்பர் 2024

ஆண்டவருக்குள் என் பிரியமான தம்பிக்கு,

நானேதான் எழுதுகிறேன். வரியைப் பார், நேராகப் போகிறதா? வலது கண்ணால்தான் பார்த்து எழுதுகிறேன். செவ்வந்தி மூக்குத்தி எட்டுக்கல் என்று நினைத்திருந்தேன், ஒற்றைக்கல்தான். இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள். இடது கண்ணுக்கு நீ சொன்ன தேதிக்கு வந்துவிடுகிறேன்.

அன்றைக்கு உனக்கு முன்னால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று சொல்லவில்லை. "ஆண்டவரே, இது எங்கக்கா சாராள்" என்றாய். அப்புறம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. என் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எனக்குப் பழக்க தோஷம், என்னை அறியாமல் "உள்ளேன்" என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். நீயும் அழுதுகொண்டே சிரித்தாய். அப்புறம்தான் உன் கை நின்றது. நடுக்கம் நின்றதைச் சொல்கிறேன்.

எனக்கு வெள்ளையாக வெளிச்சம் தெரிந்தது மறுநாள் கட்டுப் பிரித்தபோது இல்லை, அப்போதே என்று வைத்துக்கொள். சரி சரி, உபதேசியார் மகள் பேச்சு வந்துவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஸ்பீக்கரை என்ன செய்தாய்?

ஜெபத்துடன்,
அக்கா சாராள்



ஆர்.எஸ்.புரம்
29 செப்டம்பர் 2024, ஞாயிறு

இயேசுவின் நாமத்தில் என் அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். தேவ கிருபையால் நாங்கள் சுகம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறீர்களா? அதையும் அலமாரியில் வைத்தால் நானே வந்துவிடுவேன்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டோம். காலை எட்டு மணி அமைதியாக இருக்கிறது. ஆபரேஷன் குறைந்துவிட்டது என்று மேனேஜருக்கு வருத்தம். எனக்கும் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். எண்ணிக்கையைக் கேட்காமல் இருக்க இன்னும் பழகவில்லை. ஜெபமும் முழுசாகத் திரும்பவில்லை அக்கா. ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் பேரை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறேன்.

நேற்று லட்சுமணசாமி என்று ஒரு பெரியவர். ஜெபம் பண்ணட்டுங்களா என்று கேட்டேன். "வேண்டாமுங்க டாக்டரே, நானு எங்க மாகாளியாத்தாளுக்கு நேந்துட்டு வந்திருக்கறனுங்க" என்றார். சரிங்க, அப்ப எனக்கு மட்டுமாவது பண்ணிக்கறனுங்க என்றேன். "பண்ணிக்குங்க, கத்தி உங்க கையிலதான இருக்குது" என்றார். சிரித்துக்கொண்டே எனக்காக ஜெபித்தேன். அவர் கண் நன்றாக இருக்கிறது.

நாளைக்கு ஆபரேஷன் இருக்கிறவர்களிடம் சாயங்காலமே போய்ப் பேசிவிட்டு வந்தேன். பேரை எழுதுகிறேன். கடிதம் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். ஹுமேரா, உக்கடம், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாளே, அவள்தான், பயத்தில் தள்ளிப்போட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். காளிச்சாமி, அவிநாசி. பாவாத்தாள், அன்னூர், உங்களிடம் படித்தவளாம்.

டேவிட்சன், ஆர்.எஸ்.புரம். இந்தப் பேரையும் சொல்லுங்கள் அக்கா. உள்ளேன்.